பஞ்சு எரியவில்லை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கோபத்தால் நான் கெடுத்துக்கொண்ட காரியங்கள் ஏராளம். ஆனால் ஒரே ஒரு முறை, அந்தக் கோபம் மட்டும் வராமல் போயிருந்தால் நடந்தே இருக்காத ஒரு நல்ல காரியம் நடந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது மலேசியாவில், கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். அம்மா, அப்பா இருவரும் கொழுந்து பறித்தவர்கள். எனக்குப் படிப்பு ஓரளவு வந்தது. ஈப்போவில் பிளாஸ்டிக் சம்பந்தமாக ஒரு டிப்ளோமா முடித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்து, வெயில் ஒத்துக்கொள்ளாமல் மலைக்கே திரும்பி வந்தேன். கம்போங் ராஜாவில் கடை வரிசைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் நான் வேலை செய்யும் பட்டறை. சோளம், மரவள்ளி மாவுச்சத்திலிருந்து செய்த பிளாஸ்டிக் குருணை மூட்டையில் வரும். அதை உருக்கி நாற்றுத் தொட்டி செய்வோம். மண்ணில் நட்டால் செடி வளர வளரத் தொட்டி மக்கிப்போகும். வேலையாட்கள் மூன்று பேர், அதில் படித்தவள் நான் ஒருத்தி. ஆகவே ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, தரை கூட்டுவது எல்லாம் என் தலையில்.

என் அண்ணன் அதே மலையில் திரிங்காப்பில் சாமந்தி போடுகிறார். சரிவைப் படிப்படியாக வெட்டி, மேலே பிளாஸ்டிக் கூரை போட்ட பூத்தோட்டம். சாமந்திக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரவு நீளமாக இருந்தால், தண்டு முழங்கால் உயரம்கூட வராத நிலையில் அவசரப்பட்டு மொட்டு வைத்துவிடும். அந்தப் பூவை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் செடி வளரும் வாரங்களில் பாத்திகளுக்கு மேலே வரிசையாக பல்பு கட்டி, இருட்டிய பிறகும் எரிய விடுவார்கள். சுற்றிப் பார்க்க வருபவர்கள் அதை ஏதோ திருவிழா என்று நினைத்துக் கார்க் கண்ணாடியை இறக்கிப் படம் எடுப்பார்கள்.

ஒவ்வொரு பல்புக்கும் ஒரு ஹோல்டர். அதன் பிளாஸ்டிக் ஓடு ஈரத்திலும் வெயிலிலும் நொறுங்கி மண்ணில் விழுந்துவிடும். ஒவ்வொரு முறை பாத்தி கிளறும்போதும் துண்டு துண்டாக மேலே வரும். "மண்ணுக்குள்ள வேர விட இதான் அதிகமா இருக்கு" என்று அண்ணன் புலம்புவார். நான்தான் வாயைக் கொடுத்தேன். அந்த ஓட்டை எங்கள் மக்கும் பிளாஸ்டிக்கில் செய்து தருகிறேன், உடைந்து விழுந்தாலும் உரமாகப் போகும் என்றேன்.

அந்தக் காலத்தில் அண்ணன் எல்லாவற்றையும் என்னிடம் கேட்பார். மருந்து டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, ஆபீஸிலிருந்து வந்த கடிதத்துக்கு என்ன பதில், மோட்டார் பம்பை மாற்றலாமா, பல்லைப் பிடுங்கலாமா. வீட்டிலேயே அதிகம் படித்தவள் என்று என் மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. கடைசியில் "நீ சொல்லு" என்று முடிப்பார். ஹோல்டர் விஷயத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நம்பலாமா?"

"நம்பலாம்ணே."

தோட்டம் முழுக்க மாட்டினார்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பல்பு போட்டுக் கொஞ்ச நேரத்தில், எலி கடித்த ஒயரில் பொறி பறந்தது. பழைய ஓடாக இருந்தால் கருகி நாறியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் ஓடு மெழுகுவர்த்தியைப் போலப் பற்றிக்கொண்டது. பற்றியதோடு நிற்கவில்லை. உருகி, எரிந்துகொண்டே சொட்டியது. கீழே காய்ந்த சாமந்திச் சருகு. அங்கிருந்து தீ கூரைக்கு ஏறியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடிவந்து தண்ணீர்க் குழாயைத் திருப்பினார்கள். தீயணைப்புக்கார பொம்பா லோரி வளைவுகளில் ஏறி வந்து சேர்வதற்குள் தோட்டத்தின் ஒரு மூலை கீழே விழுந்துவிட்டது. வெட்டத் தயாராக நின்ற மஞ்சள் சாமந்தி முழுக்கக் கரி. அண்ணனின் முன்னங்கையில் ஒரு சொட்டு விழுந்து தோல் உரிந்திருந்தது. அந்தச் சொட்டு என்னுடையது.

அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறி, மிச்சமிருந்த ஹோல்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டு, அண்ணி கையில் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பேச்சு நிற்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மழை பெய்தது என்பார், லோரி தாமதம் என்பார். ஆனால் ஒரு கேள்விகூட இல்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அதை அண்ணிதான் கேட்பார். அண்ணன் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சமாதானமாகியிருப்போம். கோபமே வராத மனிதரிடம் என்ன செய்வது? எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. பட்டறையில் தனியாக இருக்கும்போது அழுதிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் ஹோல்டரை அண்ணன் தன் கையால் தன் பூவுக்கு மேலே மறுபடியும் மாட்ட வேண்டும்.

எங்கள் மேனேஜர் ஈப்போவில் இருப்பவர், மாதத்துக்கு இரண்டு முறை மலையேறி வருவார். நல்ல மனிதர், அவசரக்காரர். தீ பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் கலக்கும் மருந்து டின்னில் கிடைக்கிறதே, வாங்கிக் கலந்துவிடலாமே என்றார். மாட்டேன் என்றேன். அவற்றில் சில, தீயைத் தடுக்கும், ஆனால் தானாக அழியாது. ஓடு மக்கிப்போன பிறகு அந்த மருந்து மட்டும் அண்ணனின் மண்ணில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பழைய பிளாஸ்டிக்கே மேல். தீயைத் தடுப்பதும் செடியிலிருந்தே வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

வழி இல்லாமல் இல்லை. அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கும் ஓர் அமிலம் இருக்கிறது. தேயிலையில் துவர்ப்பு இருக்கிறது. இரண்டும் பிளாஸ்டிக்குக்குள் சேர்ந்திருந்தால், சூடு பட்டதும் மேலே ஒரு கரித்தோல் கட்டும். அந்தத் தோல் காற்றை உள்ளே விடாது, உள்ளே இருப்பதை உருகி வழியவும் விடாது. உலகத்தில் பலர் இதைச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த கட்டுரைகள் எல்லாமே பச்சை இலையைத்தான் சொல்லின. பச்சையாகக் காயவைத்த இலையில்தான் துவர்ப்பு முழுதாக இருக்குமாம். கவாத்து வெட்டும்போது தேயிலைக் காட்டில் குவியல் குவியலாக முற்றிய இலை விழும். அதைக் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லப்போவதில்லை. அள்ளி வந்து, பட்டறை அடுப்பில் காயவைத்து, அரைத்து, கலந்தேன்.

சோதனை எளிமையானது. உருக்கி எடுத்த பிளாஸ்டிக்கை விரலகலப் பட்டையாக வெட்டி, ஒரு பெட்டிக்குள் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். கீழே கொஞ்சம் தள்ளிப் பஞ்சு. பட்டையின் அடியில் பத்து எண்ணும்வரை நெருப்பைக் காட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும். தீ தானாக அணைய வேண்டும். அணைந்ததும் இன்னொரு முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, எரியும் சொட்டு விழுந்து பஞ்சு பற்றக் கூடாது.

பஞ்சு பற்றியது. ஒவ்வொரு முறையும் பற்றியது. அளவை மாற்றினேன், பற்றியது. தவிட்டு அமிலத்தைக் கூட்டினேன், பட்டை பிஸ்கட்டாக உடைந்தது, உடைந்து விழுந்து பற்றியது. இலைத் தூளைக் கூட்டினால் உருக்கும்போதே நுரைத்துக் கொப்புளம் போட்டது. பதினேழு தடவை. பஞ்சு வாங்கும் மருந்துக்கடைக்காரர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் மேனேஜர் தானா ராத்தாவுக்கு வரச் சொன்னார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். எனக்குப் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சொன்னார். அது வந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. அதுக்குள்ள ஆகலன்னா ஹோல்டர விட்டுடுவோம். தொட்டி நல்லாத்தானே போகுது. தொட்டியே போதும் லா."

ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டேன். தொட்டி போதும்தான், கம்பெனிக்கு. அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் கிடக்கும் அந்தச் சாக்கை என்ன செய்வது என்று அவரிடம் கேட்க முடியுமா. மாதக் கடைசிக்குள் முடித்துவிடுவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியில் பழியை அடுப்பின் மேல் போட்டேன். என் பட்டறை அடுப்பு ஒரு பக்கம் தீய்க்கும், ஒரு பக்கம் ஈரம் விடும். இலை ஒழுங்காகக் காய்ந்தால் நுரைக்காது என்று தோன்றியது. தேயிலை ஃபேக்டரியில் புது இலையைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன உருட்டு மெஷினும், ஒரு சின்ன டிரையரும் உண்டு. அண்ணி இருபது வருஷமாக அந்த ஃபேக்டரியில், இலை உருட்டும் அறையில் வேலை செய்கிறார். தோட்டத்துத் துரையிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு அந்த டிரையரைப் பயன்படுத்த அனுமதி வாங்கினார். நான் அண்ணியிடம் தெளிவாகச் சொன்னேன்.

"கவாத்து இலைய அப்படியே டிரையர்ல போடுங்க அண்ணி. வேற ஒண்ணும் செய்ய வேணாம். பச்சையா காயணும்."

"சரி" என்றார்.

நாலு நாள் கழித்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக, சுருண்டு, வாசனையோடு இருந்தது. தேயிலை. கடையில் பாக்கெட்டில் போட்டு விற்கலாம்.

"என்னா அண்ணி இது?"

"நீ கேட்டதுதான்."

"நான் பச்சையா இல்ல கேட்டேன்."

"வாட விட்டேன், உருட்டுனேன், நெறம் ஏற விட்டேன், அப்புறம் காய வச்சேன். முத்துன இலையா இருக்கு, நெறம் ஏற நேரம் எடுத்துச்சு. அதான் நாலு நாளு."

"யாரு உங்கள அதெல்லாம் செய்யச் சொன்னா? நான் என்னா டீயா போடப் போறேன்?"

அண்ணி என்னை விநோதமாகப் பார்த்தார். "பச்ச இலைய எப்படி லா நெருப்புல போடறது? கை வரல. இருவது வருஷத்துல ஒரு நாளும் போட்டதில்ல. அப்படியே போட்டா அது சருகு. தேயிலை இல்ல."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இலையை அப்படியே காயவைத்துக் கொடுத்திருப்பார்கள். தேயிலை ஃபேக்டரிப் பெண்ணிடம் இலையைக் கொடுத்தால் அது தேயிலையாகத்தான் திரும்பி வரும். சாதம் வடிப்பவரிடம் அரிசியை வெறுமனே நனைத்துத் தா என்று கேட்ட கதை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. அண்ணியை வாயில் வந்தபடி பேசினேன். ஒரு வேலை சொன்னால் ஒழுங்காகச் செய்யத் தெரியாதா என்றேன். எல்லாருமாகச் சேர்ந்து என்னை ஒழித்துக்கட்டப் பார்க்கிறீர்கள் என்றேன். அந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வேலை முடிந்த அலுப்போடு நாலு நாளாக நின்றுகொண்டே எனக்காக இலை பார்த்தவர் அவர். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போன பிறகும் என் கோபம் தணியவில்லை. இந்தத் தூளில் பட்டை செய்து, அது எப்படித் திரியாக எரிகிறது என்று அண்ணியை அழைத்து வந்து கண்ணெதிரே காட்டவேண்டும் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தேன். வேறு எந்த நியாயமான காரணமும் இல்லை. வீம்பு, அவ்வளவுதான்.

உருக்கும்போதே ஒரு வித்தியாசம் தெரிந்தது. நுரைக்கவில்லை. கருப்பாக, வழவழவென்று பட்டையாக வந்தது. அதைக்கூட நான் நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை, மெஷின் சூடு குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பட்டையைத் தொங்கவிட்டு, பஞ்சு வைத்து, நெருப்பைக் காட்டினேன். பத்து எண்ணி எடுத்தேன். அடிப்பக்கம் உப்பிக் கருத்திருந்தது. தீ இல்லை. நெருப்பு சரியாகப் படவில்லை போலிருக்கிறது என்று இரண்டாம் முறை காட்டினேன். எடுத்தேன். ஒரு சின்ன நீல நாக்கு ஓரத்தில் ஓடியது, அணைந்தது. சொட்டு இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. பழைய பட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். அது வழக்கம்போல ஆசை ஆசையாக எரிந்து, ஒழுகி, பஞ்சைக் கொளுத்தியது.

புதுப் பஞ்சு வைத்தேன். புதுப் பட்டை. அணைந்தது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. ஐந்தும் அணைந்தன. பஞ்சு வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. குனிந்து அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

காரணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. பச்சை இலையின் துவர்ப்பு இன்னும் அடங்காத சரக்கு. பிளாஸ்டிக்கை உருக்கும் சூட்டிலேயே உடைந்து, ஆவி விட்டு, கொப்புளம் போட்டு, பிளாஸ்டிக்கையும் பலவீனமாக்கிவிடுகிறது. உருட்டிக் காற்றுப்பட வைத்து நிறம் ஏறவிட்டால் அந்தத் துவர்ப்பெல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிதாகிவிடுகிறது. உருக்கும் சூட்டுக்கு அது அசையாது. நிஜமான தீ வந்தால்தான் எழுந்து, தவிட்டு அமிலத்தோடு சேர்ந்து கரித்தோல் கட்டுகிறது. லயத்தில் பிறந்தவள் நான், நிறம் ஏறும் வாசனையை முகர்ந்தே வளர்ந்தவள். யாரோ எங்கோ எழுதிய கட்டுரையைப் படித்துப் பச்சை இலை பச்சை இலை என்று அலைந்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் ஃபேக்டரி வாசலில் போய் நின்றேன். வேலை விட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். அண்ணி என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"அண்ணி, நேத்து நான் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க."

"பரவால்ல போ."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. நீங்க செஞ்சதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு." எரிந்த பட்டையையும் பஞ்சையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். "பதினேழு தடவ எரிஞ்ச பஞ்சு. நேத்து நீங்க குடுத்த தூள்ல எரியல."

அண்ணி பஞ்சைப் பார்க்கவில்லை. பட்டையை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"ஓவரா தீஞ்சிருச்சு" என்றார். அவர் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் வந்தவர்கள் என்ன என்று கேட்க, "நான் போட்ட டீல பிளாஸ்டிக் செய்யறா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு நான் நோட்டுப் புத்தகத்தோடு அண்ணியின் பின்னாலேயே திரிந்தேன். எவ்வளவு நேரம் வாட வேண்டும், கையில் பிடித்தால் எப்படி இருக்க வேண்டும், நிறம் ஏறியது எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்து, "இதெல்லாம் உனக்குத் தெரியாதா, எந்தத் தோட்டத்துல லா பொறந்த?" என்றார். ஒரு முறை அவசரத்தில் நிறம் ஏறும் நேரத்தைப் பாதியாக்கிப் பார்த்தேன். பஞ்சு பற்றியது. அண்ணி சொன்ன நேரத்துக்கே திரும்பினேன். பஞ்சு பற்றவில்லை. ஒரே சமயத்தில் மூன்று மூட்டை போட்டோம், மூன்றும் ஒரே மாதிரி. மாதக் கடைசிக்கு ஒரு நாள் இருக்கும்போது மேனேஜர் கையில் பட்டைகளைக் கொடுத்தேன். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தானே நெருப்பைக் காட்டிப் பார்த்தார். அவர் ஹோல்டரை விடுவதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

பட்டைகளை மலைக்குக் கீழே ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். பட்டறைக்குப் பின்னால் நான் சில துண்டுகளைப் புதைத்தும் வைத்தேன். தீ தடுத்தால் போதாது, மக்கவும் வேண்டுமே. தோண்டித் தோண்டிப் பார்த்தேன். தொட்டி எப்படி மக்கியதோ, அதே போல இதுவும் பொடிந்து மண்ணோடு போனது. அந்த மண்ணிலேயே கீரை விதைத்தேன். தளதளவென்று வந்தது, கடைந்து சாப்பிட்டோம்.

கூடத்திலிருந்து முடிவு வந்த அன்று மேனேஜர் போனில் "பாஸ்" என்றார். இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். நான் போட்ட சத்தத்தில், வெளியே கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லோரிக்காரர்கள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடிவந்தார்கள். அடிபடவில்லை, ஜெயித்துவிட்டேன் என்றேன். எதில் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனாலும் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். செய்முறையைப் பதிவு செய்யும் ஃபாரத்தில், கண்டறிந்தவர் என்ற கட்டத்தில் அண்ணி பெயரை முதலில் எழுதி, என் பெயரை இரண்டாவதாக எழுதினேன். கல்வித் தகுதி என்ன போடுவது என்று மேனேஜர் இழுத்தார். உருட்டும் அறையில் இருபது வருஷம் என்று போடுங்கள் என்றேன். போட்டார்.

எல்லாம் சரி. அண்ணன்? அவரிடம் நானும் அண்ணியும் இதைப் பற்றி மூச்சு விட்டிருக்கவில்லை.

முதல் பெட்டி ஹோல்டர் வந்ததும் எடுத்துக்கொண்டு திரிங்காப் போனேன். மத்தியானம் தாண்டியிருந்தது. அண்ணன் பூ வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கீழே வைத்தேன். என்ன பெட்டி என்று கேட்கவில்லை. கூடத்துச் சான்றிதழை மேஜை மேல் விரித்து வைத்தேன். அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கட்டை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் அண்ணியும் பின்னால் போனோம்.

எரிந்த மூலைக்குப் போனார். கூரையைப் புதிதாகப் போட்டிருந்தாலும், கருகிய கம்பம் ஒன்றை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார். அந்தக் கம்பத்தில் ஹோல்டரை ஒயரால் கட்டினார். கீழே சாமந்திச் சருகை அள்ளிக் குவித்தார். அன்றைக்கு எரிந்ததும் அதே சருகுதான். பிறகு குழாய் வளைக்க வைத்திருக்கும் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து ஹோல்டரின் அடியில் பிடித்தார்.

பத்து எண்ணினேன். அவர் எடுக்கவில்லை. இருபது. எடுக்கவில்லை. நாங்கள் சோதித்தது பத்துக்குத்தான். போதும்ணே என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. முப்பதைத் தாண்டிய பிறகு டார்ச்சை எடுத்தார்.

ஹோல்டரின் விளிம்பில் தீ ஓடியது. கருப்பாக உப்பியது. பிறகு அந்தத் தீ சிறுத்து, ஒரு ஓரத்தில் நின்று, போய்விட்டது.

அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சருகைக் கையால் அள்ளிப் புரட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை. எழுந்து கரித்தோலை நகத்தால் தட்டினார். அவர் முன்னங்கையில் அந்தப் பழைய தழும்பு தெரிந்தது. பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது என்னா வாசம்? தேத்தண்ணி மாதிரி இருக்கு?"

அவர் என்னிடம் கேட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"அத என்கிட்ட கேளுங்க" என்றார் அண்ணி. "இலை என்னோடது."

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏணியை எடுத்துவந்து முதல் பாத்திக்கு மேலே சாத்தினார். நான் கீழே நின்று ஒவ்வொரு ஹோல்டராக எடுத்துக் கொடுத்தேன். அவர் கையை நீட்டி வாங்கி, தன் கையால் மாட்டினார். பெட்டி காலியானபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஸ்விட்சைப் போட்டார். எங்கள் வரிசை எரிந்தது. ரோட்டில் ஒரு கார் நின்று யாரோ கண்ணாடியை இறக்கினார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் படம் என்று மனதுக்குள் சொன்னேன், நன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்தில் அண்ணன் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியைத் திறந்து என் கையில் வைத்தார். உள்ளே கடிதங்கள். நில ஆபீஸ், தண்ணீர் ஆபீஸ், மகளின் பள்ளிக்கூடம். தீ பிடித்த வாரத்திலிருந்து வந்தவை எல்லாம். பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

"இதுக்கெல்லாம் என்னா பதில் எழுதணும்?" என்றார். "நீ சொல்லு."